வெட்டுத் துண்டில் ஓர் உபதொழில்: ஒட்டுத்துணிப் போர்வை தைக்கக் கற்போருக்கு

கடலூருக்கு மேற்கே, கெடிலம் ஆற்றின் கரையில் இருக்கிறது திருவந்திபுரம். முகூர்த்த நாள் வந்துவிட்டால் தேவநாதசுவாமி கோயிலைச் சுற்றி நடக்க இடமிராது. ஒரே காலையில் பல ஜோடிகளுக்குத் தாலி ஏறும். கல்யாணம் என்றால் ஜவுளி. ஜவுளி என்றால் தையல். ரவிக்கை தைக்கும் ஒவ்வொரு கடையிலும் கழுத்து வெட்டிய துண்டு, கை வெட்டிய துண்டு, ஓரத்துண்டு என்று மேஜைக்கு அடியில் மூட்டை சேர்கிறது. அதில் பெரும்பகுதி எண்ணெய் துடைக்கப் போகிறது. மீதி குப்பைக்குப் போகிறது.

இதே வட்டாரத்தில் இன்னொன்றும் ஆண்டுதோறும் வீணாகிறது. அது பெண்களின் உழைப்பு நாட்கள். நாற்று நடவு, களையெடுப்பு, மணிலாப் பயிர் பிடுங்குதல், பண்ருட்டிப் பக்கம் முந்திரிக்கொட்டை பொறுக்குதல் என்று வேலை இருக்கும் மாதங்களில் ஓய்வே இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டால் வெளி வேலை நின்றுவிடுகிறது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அடித்தபோது கடலூர் மாவட்டத்தின் முந்திரித் தோப்புகளும் பலா மரங்களும் வேரோடு சாய்ந்தன. மறுபடி கன்று நட்டுக் காய்ப்புக்குக் கொண்டுவரச் சில ஆண்டுகள் ஆகும் என்பது தோப்பு வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். அந்த இடைக்காலத்தில் குடும்பத்துக்கு வேறொரு வரும்படி இருந்தால் எவ்வளவு நிம்மதி என்பதை அந்த ஆண்டுகள் கற்றுக்கொடுத்தன.

வீணாகும் துணியையும் வீணாகும் நாட்களையும் ஒன்று சேர்க்கும் தொழில்களில் ஒட்டுத்துணிப் போர்வை தைப்பதும் ஒன்று. சிறு துணித் துண்டுகளைக் கணக்காக வெட்டி, இணைத்து, நடுவில் பஞ்சு வைத்து, அடித்துணி சேர்த்து, மூன்று அடுக்கையும் இயந்திரத்தில் ஒன்றாகத் தைப்பதுதான் இது. நகரங்களில் இதைக் கில்ட் என்கிறார்கள். இதற்கெனப் பயிற்சி வகுப்புகளும் நடக்கின்றன. 2019 ஜனவரியில் சென்னையில் இந்திய கில்ட் விழா என்ற பெயரில் பெரிய கண்காட்சியே நடந்தது.

தொழில் நல்லதுதான். ஆனால் கற்கும் வரிசை தவறினால் கடனும் ஏமாற்றமும்தான் மிஞ்சும். எதை முதலில் கற்க வேண்டும், எதைப் பிறகு வாங்க வேண்டும், கடைசியில் எந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும் என்பதைப் பார்ப்போம்.

பாட்டி தைத்த விரிப்பு

நம் வீடுகளுக்கு இது முற்றிலும் புதிதல்ல. பழைய நூல் புடவையை நாலாக மடித்து, சுற்றிலும் நீளத் தையல் ஓட்டி, கைக்குழந்தைக்கு விரிப்பாகப் போடுவது பாட்டிகளின் வழக்கம். தேர்த் திருவிழாவில் தேரைச் சுற்றித் தொங்கும் தொம்பைகளிலும் தோரணச் சீலைகளிலும் ஒரு நிறத் துணியின் மேல் வேறு நிறத் துணியை வெட்டி ஒட்டித் தைத்த வேலைப்பாட்டைக் காணலாம்.

வங்காளத்தில் காந்தா என்றும், பீகாரில் சுஜனி என்றும், வட கர்நாடகத்தில் கௌதி என்றும் இதன் உறவுத் தொழில்கள் உள்ளன. கர்நாடகத்தின் எல்லாப்பூர், ஹளியாள் பகுதிகளில் வாழும் சித்தி இனத்து விவசாயக் குடும்பப் பெண்கள் தைக்கும் கவந்த் போர்வை தனிச் சிறப்புடையது. அவர்கள் ஓர் ஓரத்தில் தொடங்கி, சுற்றிச் சுற்றி நடுவை நோக்கித் தைத்துக்கொண்டு போவார்கள். நான்கு மூலையிலும் பூ என்று சொல்லப்படும் முக்கோண மடிப்பு வைக்காமல் போர்வையை முடிக்க மாட்டார்கள்.

கெடிலக் கரையிலிருந்து கப்பல் ஏறிய துணி

கில்ட் என்ற சொல் மேல்நாட்டிலிருந்து வந்தாலும், அந்தத் தொழிலுக்குச் சோழமண்டலக் கரைதான் ஒரு காலத்தில் துணி கொடுத்தது. திருவந்திபுரத்தைத் தொட்டு ஓடும் கெடிலம் கடலில் கலக்கும் இடத்துக்கு அருகே, தேவனாம்பட்டினத்தில், புனித டேவிட் கோட்டை இருக்கிறது. 1690இல் ஆங்கிலேயக் கம்பெனி வாங்கிய இடம் அது. இக்கரையிலிருந்து பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுகளில் கப்பல் ஏறிய சரக்குகளில் முதன்மையானது பருத்தித் துணி.

அவுரியின் நீலமும், கடற்கரை மணற்பாங்கில் விளைந்த சாயவேரின் சிவப்பும் ஏற்றிய பூத்துணிகள் ஐரோப்பாவில் கட்டில் விரிப்பாகவும், பஞ்சு வைத்துத் தைத்த போர்வையாகவும் ஆயின. பலம்பூர் என்று அங்கே அழைக்கப்பட்ட விரிப்பு, பலங்போஷ் என்ற இந்துஸ்தானிச் சொல்லின் திரிபு. அதன் பூக்களைத் தனித்தனியாக வெட்டி எடுத்து வேறு துணியில் ஒட்டித் தைத்து, ஒரு துண்டும் வீணாகாமல் பயன்படுத்தினார்கள். தங்கள் நாட்டு நெசவு நசிந்துவிடும் என்று அஞ்சி பிரான்ஸ் 1686இல் இத்துணிக்குத் தடை போட்டது. இங்கிலாந்து 1700இலும் 1721இலும் சட்டம் இயற்றியது. சாயம் போகாத துணிக்கு அவ்வளவு மதிப்பு இருந்தது. இதைக் கற்போர் மனதில் வைக்க வேண்டும். சாயம் போகும் துணியால் செய்த போர்வை ஒரே சலவையில் பெயரைக் கெடுத்துவிடும்.

முதல் பாடம்: துணியைப் பிரித்தல்

கடையிலிருந்து வரும் துண்டு மூட்டையில் நூல் துணி, பாலியெஸ்டர், பட்டு எல்லாம் கலந்திருக்கும். இவற்றைக் கலந்து தைத்தால் ஒன்று சுருங்கும், ஒன்று சுருங்காது. இஸ்திரிச் சூட்டில் ஒன்று உருகும். ஐயம் வந்தால் ஓர் இழையை உருவி நெருப்பில் காட்டிப் பார்க்கலாம். நூல் இழை காகிதம் போல் எரிந்து சாம்பலாகும். பாலியெஸ்டர் உருகி, ஆறிய பின் கெட்டியான மணியாக உருளும். கைக்குழந்தைக்கான விரிப்புக்கு நூல் துணியை மட்டுமே எடுக்க வேண்டும்.

பிரித்த துணியை அரை மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து அலசி நிழலில் உலர்த்த வேண்டும். புதுத்துணி சுருங்க வேண்டிய அளவு இப்போதே சுருங்கிவிடும். அடர் சிவப்பு, கருநீலத் துணிகளை ஈரமாக இருக்கும்போதே ஒரு வெள்ளைத் துணியில் அழுத்திப் பார்க்க வேண்டும். வெள்ளையில் கறை ஏறினால் அந்தத் துண்டை ஒதுக்கிவிடுவதே நல்லது.

இரண்டாம் பாடம்: இரண்டு நூல் அளவு

தச்சரும் தையல்காரரும் அங்குலத்தை எட்டு நூலாகப் பிரிப்பார்கள். ஒட்டுத்துணி வேலையில் தையலுக்கு விடும் ஓரம் இரண்டு நூல், அதாவது கால் அங்குலம். எல்லாத் துண்டுக்கும், எல்லாத் தையலுக்கும் இதே அளவு. ரவிக்கையில் அரை நூல் கூடினாலும் உடம்போடு ஒட்டிப் போய்விடும், இங்கே போகாது.

இந்தக் கணக்கைப் பார்த்தால் விளங்கும். 5 அங்குலச் சதுரத் துண்டுகள் அகலவாக்கில் 8, நீளவாக்கில் 10 என்று 80 துண்டுகளை இணைத்தால், தைத்த பின் ஒவ்வொன்றும் நாலரை அங்குலமாகும். முடிவில் 36 அங்குல அகலம், 45 அங்குல நீளமுள்ள குழந்தை விரிப்பு கிடைக்கும். அகலவாக்கில் 7 தையல்கள் வருகின்றன. ஒவ்வொரு தையலிலும் அரை நூல் கூடுதலாகப் பிடித்தால், தையலின் இரு பக்கத் துண்டிலும் சேர்ந்து ஒரு நூல் போகும். ஏழு தையலில் ஏழு நூல். ஏறக்குறைய ஓர் அங்குலம். ஒரு வரிசை சரியாகவும் அடுத்த வரிசை ஓர் அங்குலம் குறைந்தும் வந்தால் இரண்டும் ஒட்டாது. இழுத்துப் பிடித்துத் தைத்தால் போர்வை படகு போல் வளையும்.

எனவே நல்ல பயிற்சி வகுப்பில் முதல் நாள் போர்வையே தைக்க விடமாட்டார்கள். ஒன்றரை அங்குல அகலத்தில் மூன்று பட்டைகளை வெட்டி, பக்கத்தில் பக்கமாக இணைக்கச் சொல்வார்கள். இஸ்திரி போட்டு அளந்தால் நடுப்பட்டை சரியாக ஓர் அங்குலம் இருக்க வேண்டும். மொத்தம் மூன்றரை அங்குலம் வர வேண்டும். வராவிட்டால் பிரித்து மறுபடி. துணி மடிந்து திரும்பும் இடத்தில் ஒரு மயிரிழை அளவு போய்விடுவதால், கால் அங்குலத்துக்குச் சற்றே உள்ளடங்கித் தைப்பவர்களுக்குத்தான் அளவு சரியாக வரும். ஊசியிலிருந்து கால் அங்குலம் தள்ளித் தகட்டின் மேல் ஒட்டுநாடாவை நாலைந்து அடுக்காக ஒட்டிவிட்டால், துணி ஓரம் அதில் இடித்துக்கொண்டே நேராக நகரும்.

வெட்டுவதும் அளவோடு சேர்ந்த பாடமே. நகர வகுப்புகளில் உருளும் கத்தியும் அதற்கான விரிப்பும் வைத்திருப்பார்கள். அவை இல்லாவிட்டாலும் தொழில் நின்றுவிடாது. பழைய எக்ஸ்ரே படத்தில் 5 அங்குலச் சதுரம் கச்சிதமாக வெட்டி அச்சாக வைத்துக்கொள்ளலாம். அச்சின் ஓரத்தை நெடுக்கு இழையோடு பொருத்தி வரைய வேண்டும். கிராஸாக வெட்டிய துண்டு ரப்பர் போல் இழுபடும்.

ரவிக்கைத் துண்டுகளில் 5 அங்குலம் கிடைக்காமல் போகலாம். அப்போது இரண்டே முக்கால் அங்குலச் சதுரமாக நான்கு வெட்டி இணைத்தால், அது சரியாக 5 அங்குலத் துண்டாகும். பெரிய துண்டும் இந்த நாலு துண்டும் மாறி மாறி வரும்படி அடுக்கினால் சதுரங்கப் பலகை போல் அழகாக இருக்கும். செலவு இன்றியே வடிவம் கிடைக்கும்.

மூன்றாம் பாடம்: சரமும் இஸ்திரியும்

இரண்டிரண்டாகத் துண்டுகளை இணைக்கும்போது ஒவ்வொன்றுக்கும் நூலை வெட்டாமல், ஒன்று முடிந்ததும் அடுத்ததை ஊசிக்குக் கொடுத்துக்கொண்டே போகலாம். பூச்சரம் போல் பின்னால் தொங்கும். கடைசியில் ஒரே முறை வெட்டிப் பிரித்தால் நூலும் மிச்சம், நேரமும் மிச்சம். தையல் அங்குலத்துக்கு பத்து முதல் பன்னிரண்டு விழும்படி வைக்க வேண்டும்.

ஒவ்வொரு இணைப்புக்குப் பிறகும் இஸ்திரி கட்டாயம். பெட்டியை இழுத்துத் தேய்த்தால் துணி நீளும். தூக்கித் தூக்கி வைத்து அழுத்த வேண்டும். முதல் வரிசையின் தையல் ஓரங்களை எல்லாம் இடப்பக்கம் சாய்த்தால், இரண்டாம் வரிசையில் வலப்பக்கம் சாய்க்க வேண்டும். இரு வரிசையையும் ஒன்றன் மேல் ஒன்று வைக்கும்போது சந்திகள் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும். நான்கு துண்டுகளின் மூலை ஒரே புள்ளியில் சந்திக்கும் இரகசியம் இதுதான். வாங்க வருபவர் முதலில் பார்ப்பதும் அந்தப் புள்ளியைத்தான்.

நான்காம் பாடம்: மூன்று அடுக்கு

மேல்துணி தயாரான பின் அடித்துணியை எல்லாப் பக்கமும் இரண்டு அங்குலம் கூடுதலாக விட்டு வெட்ட வேண்டும். மேற்சொன்ன விரிப்புக்கு 40க்கு 49 அங்குலம். 44 அங்குல அகலத் துணியில் ஒன்றேகால் மீட்டர் போதும்.

நடுவில் வைக்கும் பஞ்சு பற்றிப் பலருக்கும் குழப்பம் உண்டு. இலவம் பஞ்சு தலையணைக்கு நல்லது, போர்வைக்கு ஆகாது. வழுவழுப்பான இழை என்பதால் ஒரு மூலைக்கு ஓடிவிடும். தாளாகத் தட்டிய பருத்திப் பஞ்சுதான் ஏற்றது. சுருளாக விற்கும் பாலியெஸ்டர் பஞ்சு எடை குறைவு, சீக்கிரம் உலரும்; ஆனால் நம் ஊர் வெயிலுக்குப் புழுங்கும். பஞ்சே வேண்டாம் என்றால் துவைத்து மெத்தென்று ஆன பழைய நூல் புடவையை இரண்டாக மடித்து வைக்கலாம். கடலூர்ச் சீதோஷ்ணத்துக்கு அதுவே இதமானது.

அடித்துணியைத் தரையில் சுருக்கமில்லாமல் விரித்து, ஓரங்களை நாடாவால் ஒட்டி, மேலே பஞ்சு, அதன் மேல் இணைத்த துணி என்று அடுக்க வேண்டும். பிறகு கையகலத்துக்கு ஒன்றாக ஊக்கு குத்த வேண்டும். நடுவில் தொடங்கி வெளிப்பக்கம் போக வேண்டும். ஊக்கில் சோம்பல் பட்டால் பின்பக்கத்தில் சுருக்கம் விழும். தைத்து முடித்த பிறகுதான் அது கண்ணில் படும்.

ஐந்தாம் பாடம்: இயந்திரத்தில் அடுக்குத் தையல்

சாதாரணத் தையலில் இயந்திரத்தின் கீழ்ப்பல் அடித்துணியை முன்னே தள்ளும். மேலிருக்கும் பாதம் மேல்துணியை அழுத்திப் பிடிக்கும். இரண்டு மெல்லிய துணிக்கு இது போதும். மூன்று அடுக்கில் கீழ்த்துணி முந்தும், மேல்துணி பின்தங்கும். இதைத் தடுக்கவே வாக்கிங் ஃபுட் என்ற பாதம் இருக்கிறது. அதற்கும் பல் உண்டு. மேலும் கீழும் ஒரே வேகத்தில் துணியை நகர்த்தும். நேர்கோட்டுத் தையலுக்கு இது ஒன்றே போதும். ஊசி 14ஆம் எண். தையல் அங்குலத்துக்கு எட்டு முதல் பத்து.

முதல் கோடு நடுவில் போட வேண்டும். அங்கிருந்து ஒரு பக்கம் முழுதும் முடித்து, பிறகு மறுபக்கம். பெரும்பகுதியைச் சுருட்டி இயந்திரத்தின் கைக்குள் அடக்கிக்கொள்ள வேண்டும். நாலரை அங்குலச் சதுரங்களில் மூலைக்கு மூலை கோடு ஓட்டினால், கோட்டுக்குக் கோடு மூன்றங்குலத்துக்குச் சற்று அதிகமான இடைவெளி வரும். பஞ்சு நகராமல் இருக்க இது போதுமானது. இடைவெளி மிக அதிகமானால் துவைத்தவுடன் பஞ்சு உருண்டை பிடிக்கும்.

பூவும் கொடியுமாகச் சுழித்துத் தைப்பது அடுத்த நிலை. இதற்குக் கீழ்ப்பல்லை இறக்கிவிட்டு, துணியைக் கையால் நகர்த்த வேண்டும். மிஷின் எம்பிராய்டரி பழகியவர்களுக்கு இது புதிதல்ல, அதே கைப்பழக்கம்தான். கால் வேகமும் கை வேகமும் ஒத்துப்போனால்தான் தையல் ஒரே அளவாக விழும். கை முந்தினால் தையல் நீளும், கால் முந்தினால் நூல் குவியும். பழைய துணியில் நாளைக்குக் கால் மணி நேரம் வீதம் சில வாரங்கள் பழகாமல் விற்பனைச் சரக்கில் கை வைக்கக் கூடாது.

கடைசியில் ஓரப்பட்டை. சுற்றளவு 162 அங்குலம். இரண்டரை அங்குல அகலத்தில் ஐந்து பட்டைகள் வெட்டி ஒன்றோடொன்று இணைத்து, இரண்டாக மடித்து, முன்பக்கம் இயந்திரத்திலும் பின்பக்கம் கையாலும் தைத்து முடிக்கலாம். விரிப்பு முதலில் நைந்துபோவது ஓரத்தில்தான். ஆகவே இரட்டை மடிப்புத் தேவை.

எந்த இயந்திரம் வாங்குவது?

கற்று முடிக்கும் வரை எதுவும் வாங்க வேண்டாம் என்பதே சரியான பதில். வீட்டில் கால் மிதி இயந்திரம் இருந்தால் அதுவே போதும். நேர்த்தையலில் அதற்கு ஈடில்லை. பல்லை இறக்கும் திருகு சில மாதிரிகளில் உண்டு. இல்லாதவற்றில் பல்லை மூடும் தகடு மாட்டலாம், அல்லது தையல் நீளத்தைப் பூஜ்யத்தில் வைக்கலாம்.

பயிற்சிக்குப் போன மறுவாரமே கடன் வாங்கிப் பூத்தையல் போடும் விலையுயர்ந்த மின் இயந்திரத்தை எடுத்து, ஆறு மாதத்தில் அதன் மேல் துணி போர்த்தி மூலையில் வைத்த வீடுகள் எந்த ஊரிலும் உண்டு. இணைப்பு வேலையில் கை திருந்தும் முன் வாங்கும் இயந்திரம் தவறுகளைத்தான் வேகமாகத் தைக்கும். ஐந்து விரிப்புகள் தைத்து, அவற்றில் இரண்டாவது விலைக்குப் போன பிறகு இயந்திரத்தைப் பற்றி யோசித்தால் போதும்.

போர்வை நிலம் வாங்கிய கதை

இந்தத் தொழிலால் விவசாயக் கூலிக் குடும்பங்கள் தலைநிமிர்ந்ததற்கு அமெரிக்காவில் ஒரு முன்மாதிரி உண்டு. அலபாமா மாநிலத்தில், வில்காக்ஸ் மாவட்டத்தில், பருத்திக் காடுகளில் வாரத்துக்கு உழைத்த கறுப்பினப் பெண்கள் குளிருக்காகப் பழைய வேலைத்துணிகளைக் கொண்டு போர்வை தைத்து வந்தார்கள். அறுபதுகளில் வாக்காளராகப் பதிந்துகொண்ட குற்றத்துக்காகப் பல குடும்பங்களை நில உடைமையாளர்கள் வெளியேற்றினார்கள். 1966இல் அப்பெண்கள் ஃப்ரீடம் கில்டிங் பீ என்ற கூட்டுறவு அமைப்பைத் தொடங்கினார்கள். அவர்களுடைய போர்வைகள் நியூயார்க்கில் ஏலத்தில் விற்றன. வந்த வருமானத்தைச் சேர்த்து அந்த அமைப்பு 1969இல் நிலம் வாங்கியது. தையல் கூடம் கட்டியதோடு, வெளியேற்றப்பட்ட குடும்பங்களுக்கும் மனைகள் விற்றது. 1972இல் சியர்ஸ் என்ற பெரிய வியாபார நிறுவனம் தலையணை உறைகளுக்கு ஆர்டர் கொடுத்தது. ஒரே மாதிரி, ஒரே அளவு, குறித்த நாளில் அனுப்ப வேண்டிய வேலை அது.

பக்கத்திலுள்ள ஜீஸ் பெண்ட் என்ற ஊரின் போர்வைகள் 2002இல் ஹூஸ்டன் நகர அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டன. 2006இல் தபால் தலையாகவும் வந்தன. கூட்டுறவு அமைப்பு 2012இல் மூடப்பட்டது. நாற்பத்தைந்து ஆண்டுக்கு மேல் அது நின்றதற்கும், பல வீடுகளில் அடுப்பெரிந்ததற்கும் காரணம், தனித்தனியாக விற்காமல் சேர்ந்து விலை பேசியதே.

நம் நாட்டில் டேராடூன் அருகே புர்கல் கிராமத்தில் 2003இல் தொடங்கிய ஸ்த்ரீ சக்தி அமைப்பு, கிராமப் பெண்களுக்கு ஒட்டுத்துணிப் போர்வைத் தையல் கற்றுக்கொடுத்து அவர்கள் செய்த சரக்கை விற்றுத் தருகிறது. இன்னும் அருகில், 2004 சுனாமிக்குப் பிறகு ஆரோவில்லின் உபாசனா நிறுவனம் மீனவப் பெண்களை உட்கார வைத்து, ஆடைத் தயாரிப்பில் மிஞ்சிய துண்டுகளில் சுனாமிகா என்ற சிறு பொம்மை செய்யக் கற்றுக்கொடுத்தது. கடலைப் பார்க்கவே பயந்திருந்த பெண்களுக்குக் கையில் ஒரு வேலை கிடைத்தது. விரலளவு துண்டுக்கும் மதிப்பு உண்டு என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டியதில்லை.

களைக்கூலிக் கணக்கு

இனி முக்கியமான கணக்கு. பழகிய கைக்கு மேற்சொன்ன விரிப்பு ஒன்றுக்கு ஆகும் நேரம் ஏறக்குறைய இவ்வாறு: வெட்ட 2 மணி, இணைத்து இஸ்திரி போட 4 மணி, அடுக்கி ஊக்கு குத்த 1 மணி, அடுக்குத் தையல் 3 மணி, ஓரப்பட்டை 2 மணி. மொத்தம் 12 மணி. எட்டு மணி வேலை என்றால் ஒன்றரை நாள்.

ஊரில் களையெடுக்கப் போனால் நாள் கூலி 400 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒன்றரை நாளுக்கு 600. அடித்துணி, பஞ்சு, நூல், ஓரப்பட்டைக்கு 350. மின்சாரம், பஸ், இயந்திரத் தேய்மானத்துக்கு 50 என்று போட்டால் மொத்தம் 1,000 ரூபாய். இவை கணக்குப் பழக எடுத்த தொகைகள்தாம். அவரவர் ஊர் விலையைப் போட்டுக்கொள்ள வேண்டும். இப்போது ஒரு கடைக்காரர் 700 ரூபாய்க்குக் கேட்கிறார் என்றால், செலவு 400 போக மிச்சம் 300. நாளுக்கு 200. களைக்கூலியில் பாதி! "மழை நாளில் சும்மா இருப்பதற்கு இது மேல்" என்று கொடுத்துவிடத் தோன்றும். ஒரு முறை அந்த விலைக்குக் கொடுத்தால் அதுவே ஊர் விலையாகிவிடும்.

இதற்கு மூன்று வழிகள் உண்டு. ஒன்று, ஒரே மாதிரியில் பத்து விரிப்புகளுக்குச் சேர்த்து வெட்டுவது, நேரம் குறையும். இரண்டு, முதலில் சிறு சரக்கில் இறங்குவது. சமையலறைக் கைப்பிடித் துணி, தாம்பூலப் பை, குஷன் உறை ஆகியவற்றில் முதலீடு குறைவு, தவறு செய்தாலும் நஷ்டம் சிறிது. திருவந்திபுரத்தில் நடக்கும் கல்யாணங்களுக்குத் தாம்பூலப் பை வேண்டாதவர் யார்? மூன்று, ஐந்தாறு பேர் சேர்ந்து வேலையைப் பிரித்துக்கொள்வது. கண் கூர்மையுள்ளவர் வெட்ட, கை வேகமுள்ளவர் இணைக்க, பொறுமையுள்ளவர் ஓரம் தைக்க, பேசத் தெரிந்தவர் விற்கலாம்.

பயிற்சி எங்கே?

தையலே தெரியாதவர்கள் முதலில் அடிப்படைத் தையல் கற்க வேண்டும். ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையங்கள் இதற்கு உகந்தவை. 1982இல் கர்நாடகத்தின் உஜிரேயில் தொடங்கிய ருட்செட்டி நிலையத்தை முன்மாதிரியாகக் கொண்டு, வங்கிகள் மாவட்டந்தோறும் இவற்றை நடத்துகின்றன. கிராமப்புற இளைஞர்களுக்கும் பெண்களுக்கும் பயிற்சி இலவசம். தங்குமிடமும் உணவும் உண்டு. மகளிர் தையல் அங்கு கற்பிக்கப்படும் தொழில்களில் ஒன்று. கடலூர் மாவட்டத்தில் இந்தியன் வங்கியின் நிலையம் இப்பணியைச் செய்கிறது. வயது வரம்பையும் அடுத்த அணி தொடங்கும் தேதியையும் நேரில் விசாரித்துக்கொள்ள வேண்டும்.

தையல் தெரிந்தவர்கள் தனியார் நடத்தும் ஒட்டுத்துணி வகுப்பில் பணம் கட்டுவதற்கு முன் சில கேள்விகளைக் கேட்க வேண்டும். கால் அங்குலத் தையலுக்குத் தனியாக எத்தனை மணி நேரம்? கற்பவர் தம் கையால் ஒரு விரிப்பை முழுதும் முடிக்க விடுவார்களா, பாதியில் அவர்களே முடித்துக் கொடுப்பார்களா? ஓர் இயந்திரத்துக்கு எத்தனை பேர்? கால் மிதி இயந்திரத்தில் சொல்லித் தருவார்களா? இயந்திரமோ துணிப் பொதியோ அவர்களிடமே வாங்க வேண்டும் என்ற நிபந்தனை உண்டா? கடைசிக் கேள்விக்கு "ஆம்" என்று பதில் வந்தால் திரும்பி வந்துவிடுவது நலம்.

கவனிக்க வேண்டியவை

மழைக்காலத்தில் தைத்த சரக்கை ஈரத் தரையில் வைத்தால் பூசணம் பிடிக்கும். நன்றாக உலர்த்தி, வெள்ளைத் துணியில் சுற்றி, வசம்புத் துண்டு போட்டுப் பலகை மேல் வைக்க வேண்டும். ஊக்குகளை எண்ணிக் குத்தி, எண்ணி எடுக்க வேண்டும். ஒன்று உள்ளே தங்கினாலும் குழந்தைக்கு ஆபத்து. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தை தூங்கும்போது போர்வையை மேலே போர்த்தக் கூடாது, விளையாடவும் கிடத்தவும் கீழே விரிக்கலாம் என்பதை வாங்குபவரிடம் சொல்லிக் கொடுப்பது நல்ல வியாபாரிக்கு அழகு.

முதல் ஐந்து விரிப்புகளுக்கு இரட்டிப்பு நேரம் ஆகும். அவற்றைப் படிப்புச் செலவாக எழுதிக்கொள்ள வேண்டியதுதான். ஆறாவதிலிருந்து ஒரு நோட்டுப் புத்தகத்தில் தொடங்கிய நேரம், முடித்த நேரம், துணிச் செலவு மூன்றையும் குறித்துவர வேண்டும். அந்த நோட்டில் நாள் வருமானம் களைக்கூலியைத் தாண்டும் நாளில், தையல் பொழுதுபோக்கு என்ற நிலையிலிருந்து உபதொழிலாகிவிட்டது என்று கொள்ளலாம். அதுவரை இயந்திரக் கடன் வேண்டாம். கால் அங்குலத்தைப் பழகிக்கொண்டிருந்தால் போதும்.